பிரேக் இல்லாத பக்கம்

மாஸ்டரின் வலது கால் யார் பேச்சையும் கேட்காது. மாஸ்டரின் பேச்சையே கேட்காது என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

டிரைவிங் ஸ்கூல் காரில் ஓட்டிப் பழகுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவருக்கு ஒரு பிரேக் என்று இரண்டு உண்டு. அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தே மாஸ்டர் தன் வாழ்நாளில் பாதியைக் கழித்துவிட்டார். எத்தனை நாய்கள், எத்தனை சைக்கிள்காரர்கள், எத்தனை விளக்குக் கம்பங்கள் அந்தக் காலால் பிழைத்தன என்று யார் கண்டது? ஆனால் பழகிய கால் சும்மா இருக்குமா? பஸ்ஸில் உட்கார்ந்தாலும் தரையை அமுக்கும். முடிவெட்டும் கடையில் கத்தி காதுப் பக்கம் வந்தால் அமுக்கும். சினிமாவில் கார்கள் துரத்தினால், முன் சீட்டுக்காரர் திரும்பி, "சார், காலை எடுங்க சார்" என்பார். தூக்கத்தில் அமுக்கினால் உதை வாங்குவது மனைவி. அவளும் கட்டிலுக்கு நடுவில் தலையணையை மதில் மாதிரி வைத்துப் பார்த்தாள். தலையணை கிழிந்ததுதான் மிச்சம்.

இதெல்லாம் சிரிக்கிற சமாச்சாரம். சிரிக்க முடியாத சமாச்சாரம் மகள்.

ஒரே மகள். சொந்தப் பிள்ளைக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கக் கூடாது என்று அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். மாஸ்டருக்கும் தெரியும். ஆனாலும், "என் பொண்ணு இன்னொருத்தன்கிட்ட போய்க் கத்துக்கறதா?" என்று மீசையை முறுக்கிக்கொண்டு ஆரம்பித்தார். மற்றவர்களிடம் "சார்", "மேடம்" என்று குழைகிற வாய், மகள் ஸ்டியரிங்கைத் தொட்டதும் வேறு வாயாகிவிடும். "கிளட்ச்! கிளட்ச்! கிளட்ச்சை அமுக்கு! சுவரு உனக்காக நகருமா?" தெருவில் போகிறவர்கள் நின்று, எந்தச் சுவர் என்று தேடுவார்கள். சுவர் எங்கேயோ தூரத்தில் இருக்கும். அதற்குள் மாஸ்டரின் கால் பிரேக்கை அமுக்கி, கார் குலுங்கி நின்றிருக்கும்.

லைசென்ஸ் பரீட்சைக்கு வேறு கார் கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரியின் காலடியில் பிரேக் கிடையாது. மகள் அழகாக எடுத்தாள், அழகாகத் திருப்பினாள், நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் நிற்கவில்லை. ஆபீஸ் வாசலில் வரிசையாக வைத்திருந்த பூந்தொட்டிகளின் மேல் ஏறித்தான் நின்றாள்.

"எனக்கு பிரேக் போடவே தெரியலப்பா" என்றாள், மண்ணும் செடியுமாக இருந்த பம்பரைப் பார்த்துக்கொண்டு. "இத்தனை நாளா நான் ஓட்டவே இல்ல. நீங்கதான் ஓட்டினீங்க. நான் சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன்."

இதற்கு ஒரு தகப்பன் என்ன சொல்ல வேண்டும்? "விடும்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று சொல்லியிருக்கலாம். ஒன்றுமே சொல்லாமல் ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்கலாம். மாஸ்டர் என்ன கேட்டார் தெரியுமா? "தொட்டி உனக்காக நகருமா?" என்று கேட்டார். அந்த வாய் இருக்கிறதே, அது காலுக்கு அண்ணன்.

மகள் மறுநாளே எதிர்த்தெருவில் இருக்கும் போட்டி டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். அதை நடத்துகிற ஆளின் மூக்குக் கண்ணாடி கனத்தைப் பார்த்து மாஸ்டர் அவருக்கு வைத்திருந்த பெயர் சோடாபுட்டி. சோடாபுட்டியிடம் கற்றுக்கொண்டு அவள் லைசென்ஸும் வாங்கிவிட்டாள். அவள் சிரித்துக்கொண்டு நிற்கிற படத்தை சோடாபுட்டி தன் கடை வாசலில் பெரிதாக மாட்டிவைத்தார். அன்றிலிருந்து மாஸ்டர் டீக்கடைக்குச் சுற்றுவழியாகப் போகிறார். வீட்டில் மகள் அவரிடம் பேசுவதெல்லாம் "போன் அடிக்குது", "பாத்ரூம் காலி", "அம்மா கூப்பிடறாங்க" என்பதோடு சரி.

இப்போது அவளுக்குத் தூரத்து நகரத்தில் வேலை கிடைத்திருந்தது. பழைய கார் ஒன்றை வாங்கியும்விட்டாள். வருகிற வாரம் சாமான்களை ஏற்றிக்கொண்டு அவளே ஓட்டிப் போகிறாள். பக்கத்து சீட்டில் அம்மா. புது வீட்டை ஒழுங்குபண்ணிக் கொடுத்துவிட்டு அம்மா பஸ்ஸில் திரும்புவாள். அப்பா?

"அப்பா வீட்டுலயே இருக்கட்டும்" என்றாள் மகள். கோபமாகச் சொல்லியிருந்தால் கூட மாஸ்டர் தாங்கியிருப்பார். இரண்டாவது கரண்டி சோறு வேண்டாம் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

அன்றைக்கு மாஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த நீண்ட சாலையில் அவள் ஓட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், அவள் புது வீட்டின் கதவைத் திறக்கும்போது கூட நிற்க வேண்டும். இதைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு ஆசை இல்லை. கேட்கத்தான் வாய் வரவில்லை. வேண்டாத இடத்தில் எல்லாம் வருகிற வாய், வேண்டிய இடத்தில் காணாமல் போய்விட்டது.

மனைவிதான் நடுவில் புகுந்தாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். பரீட்சை ஹாலில் நின்று நின்று, கழுத்தைத் திருப்பாமலே பின்னால் பார்க்கக் கற்றவள்.

"ஞாயித்துக்கிழமை மலை மேல இருக்கற புத்தர் கோயிலுக்குப் போறோம். இவ ஓட்டுவா. நீங்க முன்னாடி உக்காருங்க. போய்ட்டுத் திரும்பற வரைக்கும் உங்க வாயில இருந்து ஒரு வார்த்தை வரக் கூடாது. அங்க யாருக்கும் வாத்தியார் வேலை பாக்கவும் கூடாது. அப்படி இருந்து காட்டுங்க. அப்புறம் ஊருக்கும் நீங்களே முன்னாடி உக்காந்து வரலாம். என்னடி, சரிதானே?"

மகள் கொஞ்சம் யோசித்தாள். "காலும்" என்றாள்.

"காலும்" என்றாள் மனைவி.

ஏன் புத்தர் கோயில் என்று மாஸ்டருக்குப் பிறகுதான் புரிந்தது. அங்கே தியான மண்டபத்துப் பக்கம் யாருமே பேசக் கூடாதாம். பாதி நாளாவது இவருக்குச் சுலபமாகக் கழியட்டும் என்று பார்த்துப் பார்த்து இடத்தைப் பிடித்திருக்கிறாள், மகராசி.

ஞாயிறு காலை மாஸ்டர் வாயில் பெரிய பெப்பர்மின்ட் ஒன்றை அடக்கிக்கொண்டு முன் சீட்டில் ஏறி, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வலது காலை இடது தொடைக்குக் கீழே செருகி, சீட் பெல்ட்டை மாட்டி, அதற்கு மேல் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இனி அந்தக் கால் எங்கே போகும், பார்க்கலாம்!

"அம்மா, இவர் இப்பவே தியானத்துல உக்காந்துட்டாரா?" என்று மகள் பின்சீட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"நீ வண்டியை எடு" என்றாள் மனைவி.

ஊரைத் தாண்டுகிற வரைக்கும் மாஸ்டர் பிழைத்தார். மலையடிவாரம் வந்ததும் சோதனை ஆரம்பித்தது. மகள் இடது காலை எடுக்காமல் கிளட்ச் மேலேயே ஓய்வாக வைத்துக்கொண்டு ஓட்டினாள். கடவுளே! சோடாபுட்டியிடம் படித்ததுகள் எல்லாம் இப்படித்தான். கிளட்ச் தட்டு என்ன, அவன் பாட்டன் சொத்தா, தேயட்டும் என்று விடுவதற்கு? மாஸ்டர் பெப்பர்மின்ட்டை நறநறவென்று கடித்தார். ஏற்றத்தில் அவள் கியரை மாற்றாமல் ஏறினாள். என்ஜின் முனகியது. மாஸ்டரும் முனகினார்.

"என்ன சத்தம்?" என்றது பின்சீட்டு.

மாஸ்டர் தொண்டையைத் தொட்டுக் காட்டி இருமிவைத்தார்.

ஒரு வளைவில் திடுதிப்பென்று எதிரே லாரி வந்தது. தொடைக்குக் கீழே சிறைவைத்திருந்த கால் ஒரு துள்ளு துள்ளியதில் கூடை எகிறியது, மூடி கழன்றது, வாழைப்பழம் ஒன்று பறந்து மகளின் மடியில் விழுந்தது. மகள் அலட்டிக்கொள்ளவில்லை. வண்டியை ஓரம் கட்டி லாரிக்கு வழிவிட்டுவிட்டு, பழத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"அம்மா, கால்."

"கால் இல்லடி, கூடை" என்று மனைவி தீர்ப்புச் சொன்னாள். "கூடை ஆடக் கூடாதுன்னு நாம சொல்லவே இல்லையே."

அந்த நிமிஷம் மாஸ்டருக்கு மனைவி மேல் பொங்கிய பாசம் கல்யாணத்தன்று கூடப் பொங்கியதில்லை.

கோயில் வாசலில் கார் நின்றபோது கால் சுத்தமாக மரத்துப்போயிருந்தது. மாஸ்டர் இறங்கினார், கால் இறங்கவில்லை. நொண்டிக்கொண்டே செருப்பு வைக்கிற இடத்துக்கு வந்தவரைப் பார்த்து, அங்கே இருந்த அம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள். "ஐயோ பாவம், இந்தக் காலை வச்சுக்கிட்டு மலையேறி வந்திருக்காரே" என்று குனிந்து அவர் செருப்பைத் தானே எடுத்து வைத்தாள். இல்லை என்று சொல்ல மாஸ்டருக்கு வாய் ஏது? மகள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கிறாள் என்று மாஸ்டருக்குத் தெரிந்தது. சிரிக்கட்டும், அதைப் பார்த்தே எவ்வளவு நாளாயிற்று.

மேலே வெள்ளைத் தூபி வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. அதைச் சுற்றிலும் பெருக்கிவிட்ட மணல். வெள்ளை உடுத்திய ஜனங்கள் கையில் பூவோடு தூபியை வலப்பக்கம் வைத்து, ஒரே திசையில், இடைவெளி விட்டு, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் இன்னொருத்தரை முந்தவில்லை. யாரும் யாரையும் இடிக்கவில்லை. மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு போக்குவரத்தை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

அந்தச் சமயம் பார்த்து ஒரு குடும்பம் கேமராவும் கையுமாக எதிர்த்திசையில் வந்தது. ஒன்வேயில்! மாஸ்டரின் கை தானாக மேலே எழுந்தது. மனைவி அதை லபக்கென்று பிடித்து, இன்னொரு கையோடு சேர்த்து, கும்பிடு போட வைத்தாள். அந்தக் குடும்பமும் மரியாதையாகத் திருப்பிக் கும்பிட்டுவிட்டு எதிர்த்திசையிலேயே நடந்தது.

தூபிக்குப் பின்னால் அரச மரம். மரத்தடியில் ஒரு அகலமான கல், அதில் செதுக்கிய புத்தரின் பாதம். வலது பாதம். உள்ளங்காலில் சக்கரம் வேறு. மாஸ்டர் அதன் முன்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். அந்தக் கால் எதையும் அமுக்கவில்லை. எதற்கும் பயப்படவில்லை. சும்மா இருந்தது. மேலே இரண்டு மல்லிகை கிடந்தது. மாஸ்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. 'சாமி, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இந்தக் காலை இன்னிக்கு ஒரு நாள் நீ பாத்துக்க. அவகூட அந்த வண்டியில நான் போகணும்' என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார்.

தியான மண்டபத்தில் எல்லோருக்கும் ஆளுக்கொரு குட்டி மெத்தை கொடுத்தார்கள். மூச்சை மட்டும் கவனிக்கச் சொல்லி மணி அடித்தார்கள். மாஸ்டர் மூச்சைக் கவனித்தார். மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. மறுபடி உள்ளே போகும்போது கூடவே அந்த நீண்ட சாலையும் வந்துவிட்டது. மகள் ஓட்டுகிறாள். பின்னால் சாமான். எதிரே லாரி. மழை வேறு. ஐயோ, வைப்பரைப் போடவில்லையே இவள்! கால் ஓங்கி அமுக்கியதில், பளபளவென்று துடைத்துவைத்த தரையில் மாஸ்டரின் மெத்தை அவரோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போய், முன்னால் இருந்த பெரியவரின் முதுகில் முட்டியது. அந்தப் பெரியவர் கண்ணைத் திறக்காமலே கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அதுதான் தியானம்.

பக்கத்து வரிசையில் பௌத்தப் பெண் துறவியான ஒரு பிக்குணி இருந்தார். மொட்டைத் தலை, வட்டக் கண்ணாடி, பூசினாற்போல உடம்பு. அவர் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து மாஸ்டரின் காலைப் பார்த்தார். பிறகு இன்னொரு கண்ணையும் திறந்து நன்றாகவே பார்த்தார்.

மணி அடித்து எல்லோரும் கலைந்ததும், மனைவியும் மகளும் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், மண்டபத்தைத் தாண்டி வெளியே நின்ற மாஸ்டரிடம் பிக்குணி விறுவிறுவென்று வந்தார்.

"நீங்க டிரைவிங் மாஸ்டர்தானே?"

மாஸ்டர் வாயைப் பிளந்தார்.

"காலைப் பாத்தாலே தெரியுதே! எங்க வேன் டிரைவர்தான் எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்தாரு. சொல்லிக் குடுக்கும்போது அவரு காலும் இப்படித்தான் தரையை ஓட்டை போடும். அப்புறம் வேலையை விட்டுட்டுப் போயிட்டாரு."

ஏன் என்பது போல் மாஸ்டர் புருவத்தைத் தூக்கினார்.

"என்னாலதான்" என்றார் பிக்குணி, ஒளிவுமறைவில்லாமல். "லைசென்ஸ் வாங்கிட்டேன். எப்படிக் குடுத்தாங்கன்னு எனக்கே தெரியாது. வயசான பிக்குணிங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வேற ஆள் இல்ல. முன்னால போறது எல்லாம் வந்துடுது. ரிவர்ஸ்தான் வரமாட்டேங்குது. ஒரே ஒரு சந்தேகம் மாஸ்டர். பின்னால போகும்போது வண்டியோட வால் இந்தப் பக்கம் வரணும்னா, ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பணும்?"

மாஸ்டரின் நிலைமை யாருக்கும் வரக் கூடாது. வாழ்நாள் முழுக்க, கேட்காதவர்களுக்கு எல்லாம் வலியப் போய்ச் சொல்லிக்கொடுத்த மனுஷன். இன்றைக்கு ஒருத்தர் தேடி வந்து, கைகட்டி நின்று, பாடம் கேட்கிறார். அதுவும் ரிவர்ஸ்! ரிவர்ஸ் பற்றி மாஸ்டரிடம் ஒரு நாள் முழுக்கப் பேசச் சரக்கு இருந்தது. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. தூரத்தில் மனைவி கழுத்தைத் திருப்பாமலே பார்ப்பது தெரிந்தது. மாஸ்டர் விரலை உதட்டின் மேல் வைத்து, பரிதாபமாகத் தலையை ஆட்டினார்.

பிக்குணியின் முகம் மலர்ந்தது. "மௌன விரதமா! தெரியாமப் பேச்சுக் குடுத்துட்டேன், மன்னிச்சுக்கங்க. சாது, சாது!" என்று பௌத்தர்கள் வாழ்த்துகிற மாதிரி வாழ்த்திக் கைகூப்பினார். கைகூப்பியதோடு விட்டாரா? போகிற வழியில் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் படியிறங்கும்போது வழியில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு அம்மாள் தன் குழந்தையின் தலையைப் பிடித்து அவர் பக்கம் குனிய வைத்தாள்.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்று மனைவி பல்லைக் கடித்தாள்.

சாப்பிட்டு முடித்து, கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தால் அங்கே ஒரே கூட்டம். கோயில் வேன் மகளின் காருக்கு முன்னால் குறுக்கே வந்து மாட்டிக்கொண்டு நின்றது. பின்னால் மதில், முன்னால் பூக்கடை, உள்ளே ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதே பிக்குணி. ஆஸ்பத்திரியில் ஒரு வயதான பிக்குணியை இன்றைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்களாம், கூட்டிவரக் கிளம்பியிருக்கிறார். சுற்றுலா பஸ் டிரைவர்கள் நாலைந்து பேர் சூழ்ந்து நின்று யோசனை சொன்னார்கள். ஒருத்தர் "வாங்க வாங்க" என்றார். ஒருத்தர் "போங்க போங்க" என்றார். இன்னொருத்தர் வெறுமனே "அப்படித்தான், அப்படித்தான்" என்றார். வேன் நகரவே இல்லை.

"இறங்குங்கம்மா, நான் எடுத்துத் தர்றேன்" என்று ஒரு பஸ் டிரைவர் கதவைப் பிடித்தார்.

"வேண்டாம்பா. நீ எடுத்துக் குடுத்தா இன்னிக்கு வெளிய போயிடும். நாளைக்கு நான்தானே எடுக்கணும்? பக்கத்துல உக்காந்து யாராவது சொல்லுங்க, நானே எடுக்கறேன்."

மகள் அந்தப் பேச்சைக் கேட்டுச் சட்டென்று நிமிர்ந்ததை மாஸ்டர் பார்த்தார். அவள் எதை நினைத்தாள் என்றும் தெரிந்தது. பூந்தொட்டிகள் அவர் கண்முன்னாலும்தான் வந்தன.

பஸ் டிரைவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பிக்குணி மாஸ்டரைக் கண்டுவிட்டார். "அவர் பெரிய டிரைவிங் மாஸ்டர். என்ன பிரயோஜனம்? மௌன விரதம். நான் கெஞ்சிக் கேட்டும் ஒரு வார்த்தை பேசலையே, அப்படி ஒரு வைராக்கியம்!"

மகள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். மாஸ்டர் கன்னம் உப்ப பெப்பர்மின்ட்டோடு நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. வேனின் முன்சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்காமல் இருப்பதற்காக, பாவம், வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிஜமாவே கேட்டாங்களா?" என்றாள் அம்மாவிடம். "நிஜமாவே பேசலையா?"

"பேசல" என்றாள் மனைவி.

மகள் வேனை நோக்கி நடந்தாள். பிறகு, "சாமியம்மா, நான் பக்கத்துல உக்கார்றேன்" என்று சொல்லிவிட்டு வேனின் அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறினாள்.

"என் பொண்ணைத் தனியா விடறதாவது!" என்று மனைவியும் பின்கதவைத் திறந்து ஏறினாள். ஏறும்போது மாஸ்டரின் சட்டையையும் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

மகள் பாடத்தை ஆரம்பித்த அழகை என்னவென்று சொல்வது! குரலில் தேன் ஒழுகியது. "பயப்படாதீங்க. அவசரமே இல்ல. கிளட்ச்சை முழுசா அமுக்குங்க. இப்போ கியர். ஸ்டியரிங்கை இந்தப் பக்கம். ஆங், மெதுவா கிளட்ச்சை விடுங்க." வேன் பூனை மாதிரி பின்னால் நகர்ந்து, மதிலுக்கு முன்னால் நின்றது. வெளியே கைதட்டினார்கள்.

"எவ்வளவு பொறுமையாச் சொல்லித் தர்றே கண்ணு" என்று பிக்குணி உருகினார்.

மகளின் முதுகு நிமிர்ந்தது. சொல்லிக்கொடுப்பது என்றால் இப்படித்தான், பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த முதுகு சொன்னது. பின்சீட்டில் மாஸ்டர் அதை ஒத்துக்கொண்டார்.

"இப்போ முன்னால. ஸ்டியரிங்கை அந்தப் பக்கம். கொஞ்சம் கொஞ்சமா. போதும்... போதும். பிரேக். சாமியம்மா, பிரேக். மெதுவா பிரேக்கை..."

பிக்குணியின் கால் பிரேக்கைத் தேடிப் போய், வேறு எதையோ கண்டுபிடித்தது. வேன் உறுமிக்கொண்டு பூக்கடையைப் பார்த்துக் கிளம்பியது.

"சாமியம்மா! கிளட்ச்! கிளட்ச்! கிளட்ச்சை அமுக்குங்க! கடை உங்களுக்காக நகருமா?"

கடை நிஜமாகவே நகர்ந்துகொண்டிருந்தது. பூக்காரியும் அவள் புருஷனும் ஆளுக்கொரு பக்கம் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு, கூடைகள் சரிய, மாலைகள் இழுபட, ஓடிக்கொண்டிருந்தார்கள். வேன் ஒரு குலுக்கலோடு நின்றது.

மாஸ்டர் கடையைப் பார்க்கவில்லை, மதிலையும் பார்க்கவில்லை. முன்னால் எட்டி மகளின் காலடியைப் பார்த்தார். அங்கே அவளுடைய வலது கால், ரப்பர் விரிப்பைக் கசக்கிச் சுருட்டி, தரையோடு தரையாக அமுக்கிக்கொண்டிருந்தது.

"நின்னுடுச்சு!" என்று பிக்குணி கூவினார். "பிரேக்கை நான்தான் போட்டேன்! நானேதான் போட்டேன்!" சந்தோஷத்தில் மகள் பக்கம் திரும்பியவர், குனிந்து அவள் காலைப் பார்த்தார். வட்டக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"அட, நீயும் மாஸ்டரா?" என்றார்.

மகள் தன் காலைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். மாஸ்டருக்கு அந்த நேரத்தில் சொல்வதற்கு எவ்வளவு இருந்தது! தொட்டிக்கும் சுவருக்கும் சோடாபுட்டி வாசலில் தொங்குகிற படத்துக்கும் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்துப் பதில் சொல்ல இப்படி ஒரு சந்தர்ப்பம் யாருக்குக் கிடைக்கும்? பேச்சு நாக்கு நுனிக்கு வந்து நின்றது. மாஸ்டர் சட்டைப்பையில் கைவிட்டு, இன்னொரு பெப்பர்மின்ட்டை எடுத்து வாயில் போட்டு மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வேன் பத்திரமாகவே வெளியே போனது. போகும்போது பிக்குணி ஜன்னல் வழியாக எல்லோருக்கும் கையசைத்தார். கையை எடுக்காதீங்க, ஸ்டியரிங்கைப் பிடிங்க என்று ஊரே கத்தியது. சிந்திய பூவுக்கெல்லாம் பூக்காரியிடம் மன்னிப்புக் கேட்டு, மனைவி இரண்டு மாலைகள் வாங்கிக்கொண்டாள்.

மகள் தன் காரில் ஏறி, சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் பக்கத்தில் ஏறி, வழக்கம்போலக் காலைத் தூக்கித் தொடைக்குக் கீழே செருகப் போனார்.

"கீழ வைங்கப்பா. மரத்துப் போயிடும்."

மாஸ்டர் பயந்துகொண்டே காலைத் தரையில் வைத்தார்.

"அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது" என்றாள் மகள், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. "முன்ன பின்ன பாத்ததில்ல. அவங்க ஓட்டும்போதே எனக்குக் கால் அப்படி அமுக்குது. உயிரே போயிடுச்சு. அப்படின்னா உங்களுக்கு..." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாஸ்டருக்கும் கண் நிறைந்துவிட்டது. நடுவில் கூடை இல்லாவிட்டால் அவள் தலையைத் தடவிக்கொடுத்திருப்பார்.

"ஊருக்குப் போகும்போது நீங்க முன்னாடி உக்காருங்க. அம்மா பின்னாடி சாமானோட படுத்துக்கட்டும்."

"நான் எதுக்குடி சாமானோட படுக்கணும்?" என்றது பின்சீட்டு. குரல் கம்மியிருந்ததால் அதில் சூடு இல்லை.

மகள் சாவியைத் திருகி, கியரைப் போட்டு, கிளட்ச்சை விட்டாள். கார் முக்கியது. இன்னும் கொஞ்சம் விட்டாள். இன்னும் முக்கியது, நகரவில்லை. மாஸ்டர் ஜன்னல் வழியாகத் தூபியையே பார்த்தார்.

"பேசலாம்ப்பா. விரதம் முடிஞ்சுது" என்றாள் மகள். "ஏதாவது சொல்லுங்க. காலையில இருந்து உங்க குரலையே கேக்கல, என்னமோ மாதிரி இருக்கு."

மாஸ்டர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மனைவி தலையசைத்தாள். அவர் பெப்பர்மின்ட்டை விழுங்கி, தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அன்றைக்கு முழுக்கச் சேர்த்துவைத்த அத்தனை பேச்சிலிருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பூ மாதிரி எடுத்துக் கொடுத்தார்.

"ஹேண்ட் பிரேக்கை எடுக்கல, கண்ணு."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மகள் குனிந்து பார்த்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தாள். மலைச்சாலையின் முதல் வளைவில் மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கியது.

"கேட்டுச்சு" என்றாள் மகள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவளே பிரேக்கைத் தொட்டு, வளைவில் அழகாகத் திருப்பி இறங்கினாள்.